கோழி இடம் மாற்றிய வீடு

பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தவன் எதற்கும் பயப்பட மாட்டான் என்றொரு நம்பிக்கை எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் உண்டு. அதைக் கெடுப்பானேன் என்று நானும் மீசையை நன்றாகவே வளர்த்து வைத்திருக்கிறேன். உள்விவரம் என் மனைவிக்கு மட்டும் தெரியும். ராணுவத்தில் நான் துப்பாக்கி பிடித்ததைவிடக் கம்பளி மடித்ததுதான் அதிகம். ஸ்டோரில் ஹவில்தாராக இருந்தவன். பதற்றம் வந்தால் எனக்கு இரண்டு காரியங்கள் வரிசையாக நடக்கும். முதலில் வயிறு கலக்கும். அடுத்துத் தமிழ் மறந்துபோகும். வாயைத் திறந்தால் முகாமில் பேசிய இந்திதான் வரும், அதுவும் பாதி தப்பாக. மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டனுப்பிய அன்று, தலைமை ஆசிரியையான கன்னியாஸ்திரீயின் முன்னால் விறைப்பாக நின்று, கேட்ட கேள்விக்கெல்லாம் "ஜீ சாப்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு பெற்றோர் கூட்டம் என்றால் மகள் அம்மாவைத்தான் கூட்டிக்கொண்டு போனாள்.

"இவுகளையும் வச்சுக்கிட்டு எப்படித்தேன் நாட்டைக் காப்பாத்துனாகளோ" என்பாள் மனைவி. நாடு பிழைத்ததற்கு நான் காரணமில்லை என்பதை நானும் மறுத்ததில்லை.

உத்தமபாளையத்தில் ஒரு டீக்கடைக்குப் பின்னால் எங்கள் அறக்கட்டளை இருக்கிறது. ராணுவத்திலிருந்து வந்தவர்கள் சேர்ந்து நடத்துவது. அறக்கட்டளை என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் அறை, ஒரு பீரோ, சில சக்கர நாற்காலிகள், கிளம்புவதற்கு முன் நாலு பேர் தள்ள வேண்டிய ஒரு வேன். அந்த வேனில் வயதான சிப்பாய்களையும் அவர்கள் வீட்டம்மாக்களையும் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவோம். காது மிஷினுக்கு பேட்டரி வாங்கிக் கொடுப்போம். பென்ஷன் ஆபீசிலிருந்து யாருக்காவது இங்கிலீஷில் கடுதாசி வந்தால் படித்துச் சொல்வோம். படித்து எங்களுக்கும் புரியாவிட்டால் அவர்களோடு உட்கார்ந்து சேர்ந்து கவலைப்படுவோம். அதுவும் ஒரு சேவைதான்.

இதையெல்லாம் நடத்துகிற தலைவர் ஒரு சுபேதார். எழுபது வயது தாண்டியவர். இன்னும் ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, அதில் முகம் பார்த்த பிறகே வெளியே கிளம்புவார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பார்த்த வேலையை வைத்து "ஸ்டோரு" என்பார். நான் செயலாளர். எனக்குக் கொடுத்திருக்கும் முக்கியமான வேலை ரோல் கால். அதாவது, தனியாக இருக்கும் முன்னாள் சிப்பாய்கள், சிப்பாய்களின் விதவைகள் எல்லாருக்கும் தினமும் சாயங்காலம் போன் போட்டு இருக்கிறீர்களா என்று கேட்பது. முகாமில் மாலையில் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அதேதான். எதிர்முனையில் "ஆஜர்" என்று சொல்லிவிட்டால் போதும். போனை எடுக்காவிட்டால் ஆள் போக வேண்டும். ஒருமுறை தேவாரம் பக்கம் ஒரு பெரியவர் எடுக்கவே இல்லை. நான் வயிறு கலங்க, வழியெல்லாம் இந்தியில் சாமி கும்பிட்டுக்கொண்டு பைக்கில் போனேன். மனுஷர் கிணற்று பம்புசெட்டில் குளித்துக்கொண்டிருந்தார். போன் கரையில் சட்டைப் பையில் அலறிக்கொண்டிருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வெறுங்கையோடவா வந்த? மாலை வாங்கிட்டு வரலையா?" என்று கேட்டார்.

நான் சொல்ல வந்த கதையும் ஒரு ரோல் காலில்தான் தொடங்கியது.

கம்பத்துக்குப் பக்கத்து ஊரில் எங்கள் மதினி ஒருவர் இருக்கிறார். சொந்த மதினி இல்லை. என்னைவிட மூத்த சிப்பாய் ஒருவரின் மனைவி. அண்ணன் பனிமலையில் பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். பென்ஷன் வருகிறது என்றாலும் மதினி சும்மா இருக்கிற ஆள் இல்லை. விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்து வேலைக்குப் போய்விட்டு சாயங்காலம் திரும்புவார். ஒரே மகள். சின்னமனூரில் கட்டிக்கொடுத்து, தலைப்பிரசவத்துக்குக் கூட்டி வந்திருந்தார். எங்களிடம் எதுவும் கேட்க மாட்டார். வேனில் இடம் இருக்கிறது வாருங்கள் என்றால்கூட, முடியாதவர்கள் போகட்டும், எனக்குக் கால் இருக்கிறது என்பார்.

ஆடி மாதம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் கொட்டுகிற மழை எங்களுக்குச் சாரலாக வந்துகொண்டிருந்தது. நான் போன் போட்டேன். "ஆஜர் தம்பி, எல்லாம் நல்லாத்தேன் இருக்கோம்" என்றார் மதினி. அவர் குரலுக்குப் பின்னால் இன்னொரு சத்தமும் கேட்டது. டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டொக். அது என்ன சத்தம் என்றேன். ஒன்றுமில்லை என்றார். ஸ்டோர்காரனிடம் அந்தப் பொய் எடுபடுமா? தகரக் கூரைக்குக் கீழே கம்பளிகளை நனையவிடாமல் காப்பாற்றவே வாழ்க்கையின் பாதியைக் கொடுத்தவன் நான். பாத்திரத்தில் சொட்டுகிற தண்ணீர் அது என்று தெரிந்துவிட்டது.

அன்றிரவே மதினியின் மகளுக்கு வலி எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்து, மறுநாள் கம்பம் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். பெண் குழந்தை பிறந்திருந்தது. மதினி வெந்நீர் வாங்கப் போன நேரத்தில் மகள்தான் விவரத்தைச் சொன்னாள். பின் அறையின் ஓடு போன மழையிலேயே நொறுங்கிவிட்டதாம். மாமியார் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டு, பச்சைக் குழந்தையை ஒழுகுகிற வீட்டில் போட முடியாது, சின்னமனூருக்கே கூட்டிப்போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்தம்மாள் கெட்டவர் இல்லை. சாரல் நேரத்தில் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் தலைப்பிரசவத்துக்கு வந்த மகளைத் தாய்வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் அனுப்புவது என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு தாய்க்கு அது எப்படி இருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. மதினி விட்டுக்கொடுக்கவில்லை. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் பேர் வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம், நீங்களே வந்து பாருங்கள், ஒரு சொட்டு விழுந்தால் கூட்டிப்போங்கள் என்று சம்பந்தியிடம் சொல்லிவிட்டார். சொன்னாரே ஒழிய, மகளை விட்டு நகர முடியாமல் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

சுபேதாரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஷூவைப் பார்த்தபடி யோசித்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இறங்குகிறோம் என்றார். பழைய ஓடுகளை இறக்கி, தகர ஷீட் போட்டு, அப்படியே வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்துவிடுவது. மகள் சாவியைக் கொடுத்துவிட்டாள். மதினிக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் வேண்டாம் என்று தடுத்துவிடுவார். ஆகவே தெருவில் யாரிடமும் எதையும் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. இந்த ரகசிய ஏற்பாடு என்னுடைய யோசனை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ராணுவத்தில் ஒரு வழக்கம் உண்டு. எங்காவது போகும் முன் அந்த இடத்தையே மணலில் செய்துவைத்து, குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டுவார்கள். மலைக்குச் செங்கல், ஆற்றுக்கு நீலத் துணி, காட்டுக்கு இலைக்கொத்து. நாலு வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய இடத்துக்கும் மணலில் செய்தால்தான் எங்கள் ஆட்களுக்குத் திருப்தி. சனிக்கிழமை சாயங்காலம் டீக்கடைக்குப் பின்னால் நான் அந்தத் தெருவைச் செய்தேன். எதிரும் புதிருமாக வீடுகளுக்கு ஓட்டாஞ்சில், கோடியில் வேப்பமரத்துக்கு ஒரு கொத்து, மதினி வீட்டுக்கு மட்டும் சிவப்புத் தீப்பெட்டி. தெருவைக் காட்ட வெள்ளையாக இரண்டு கோடு இழுக்க வேண்டும். சுண்ணாம்பு மூட்டையைக் கட்டியாயிற்று. அதனால் டீக்கடையில் கொஞ்சம் நொய்யரிசி வாங்கி அழகாகக் கோடு போட்டேன்.

எனக்கு அது தெரு. டீக்கடைக்காரர் வளர்க்கும் கோழிக்கு அது காலைச் சாப்பாடு.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நான் ஷீட் வாங்கத் தேனிக்குக் கிளம்பிப் போய்விட்டேன். அதற்குப் பிறகு ஆட்கள் வந்து வரிசையில் நின்றபோது, கோழி தன் வேலையை முடித்திருந்தது. தெரு இல்லை. வேப்பமரம் சாய்ந்து கிடந்தது. தீப்பெட்டி எங்கோ தள்ளிக் கிடந்தது. சுபேதார் குனிந்து, தன் ஞாபகத்தில் இருந்தபடி எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். தெருவை விரலால் கீறினார். மரத்தை நட்டார். தீப்பெட்டியையும் வைத்தார், ஒரே ஒரு வித்தியாசத்தோடு. கிழக்குப் பக்கம் இருக்க வேண்டியது மேற்குப் பக்கம் போய்விட்டது. பிறகு குச்சியால் தொட்டுக் காட்டி, கேள்வி இருக்கிறதா என்றார். சுபேதாரிடம் கேள்வி கேட்ட ஆள் இதுவரை எங்கள் அறக்கட்டளையில் இல்லை.

தேனியில் கடைக்காரர் கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து எனக்காகக் கடையைத் திறந்து கொடுத்தார். அதனால் நேரமாகிவிட்டது. ஷீட்டை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு, வழியில் நின்று ஒரு டீயும் குடித்துவிட்டு, என் திட்டத்தின் அருமையை நானே டிரைவரிடம் எடுத்துச் சொல்லியபடி ஊருக்குள் நுழைந்தேன். தெருமுனையில் கூட்டம் நின்றது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். சந்தோஷத்தில் நிற்கிறார்கள் என்று நினைத்தேன்.

முதலில் கண்ணில் பட்டது வெள்ளை. அப்படி ஒரு வெள்ளையை அந்தத் தெரு பார்த்ததில்லை. வீடு முழுக்கச் சுண்ணாம்பு, கீழே இடுப்பளவுக்குக் காவிப்பட்டை. முகாமில் எங்களுக்குக் கை பழகிய வேலை இது. பெரிய அதிகாரி வருகிறார் என்றால் கல், மரம், குழாய், எல்லாவற்றுக்கும் வெள்ளையும் காவியும் பூசிவிடுவோம். இங்கேயும் விட்டுவைக்கவில்லை. வாசல் தென்னைக்கு இடுப்புப்பட்டை கட்டியிருந்தார்கள். வழிநெடுக கல் பொறுக்கி வைத்து, ஒன்றுவிட்டு ஒன்று வெள்ளை, காவி. மூலையில் கிடந்த ஆட்டுக்கல்லுக்குக்கூட. கூரையின் பின்பக்கத்து ஓடுகள் எல்லாம் இறக்கப்பட்டு, முற்றத்தில் அணிவகுப்புக்கு நிற்பதுபோல வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன.

மிக நேர்த்தியான வேலை. குறை ஒன்றுதான். அது மதினி வீடு இல்லை. மதினி வீடு எதிரே, தொட்டுப் பார்க்க ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தது.

அது ஒரு பாயின் வீடு. ஏலக்காய் வியாபாரம் செய்பவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி எனக்கு மாமன் முறை. பரம்பரை வீடு. அதற்குச் சுண்ணாம்பு அடிப்பதை அவர் கொள்கையாகவே நிறுத்தி வைத்திருந்தார். பாசி படிந்து கறுத்த சுவர். உதிர்ந்த பூச்சு. மதினியோ பொங்கலுக்குத் தன் கையாலேயே முன்சுவரைப் பூசியிருந்தார். அவர் வீட்டின் கஷ்டமெல்லாம் பின்னால். ஆகவே வந்த ஆட்கள் இரண்டு வீட்டையும் பார்த்தார்கள். இரண்டும் பூட்டியிருந்தன, மதினி வீட்டுச் சாவியோ என் பையில் தேனிக்குப் போயிருந்தது. தீப்பெட்டி காட்டிய பக்கத்தில் இருந்த வீட்டைப் பார்த்தால் உதவி தேவைப்படும் வீடு என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அவர்கள் சந்தேகப்பட என்ன இருக்கிறது? தெருவில் பெண்கள் வந்து கேட்டிருக்கிறார்கள், என்ன நடக்கிறது இங்கன என்று. எங்கள் ஆட்கள் ஒரே குரலில், "சொல்ல உத்தரவு இல்லை" என்றிருக்கிறார்கள். அந்த உத்தரவு யாருடையது என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

சுபேதார் என்னிடம் வந்து, வேலை பாதி முடிந்தது, ஷீட்டை இறக்கு என்றார். நான் எதிர்வீட்டைக் கையால் காட்டினேன். வாயிலிருந்து, "சாப், கர் கலத், கர் கலத்" என்று மட்டும் வந்தது. வீடு தப்பு, வீடு தப்பு. அவர் எதிர்வீட்டைப் பார்த்தார். இந்த வீட்டைப் பார்த்தார். வேப்பமரத்தைப் பார்த்தார். பிறகு ரொம்ப மெதுவாக, காலையில் ஒரு கோழி வந்துவிட்டுப் போனதைச் சொன்னார். எனக்கு வயிறு கலங்கியது. போகலாமென்றால், என் பையில் சாவி இருந்த அந்த எதிர்வீட்டுக்குத் தெரு மொத்தமும் பார்க்க நடக்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் குமுளியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த பாயும் அவர் மனைவியும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள்.

பாய் இறங்கி ஒரு கையில் பிரியாணிப் பொட்டலத்தோடு நின்றார். வீட்டைப் பார்த்தார். கல்வரிசையைப் பார்த்தார். காவிப்பட்டை கட்டிய தென்னையைப் பார்த்தார். வாசலில் விறைப்பாக நின்ற பத்துப் பன்னிரண்டு மீசைகளைப் பார்த்தார். சுபேதார் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு சல்யூட் வைத்தார். பாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் நின்ற என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எப்ப எடுத்தாக மாப்ள?"

"எதை மாமா?" என்று கேட்க நினைத்தது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

"வீட்டத்தேன். கவர்மெண்டு. முன்கூட்டி ஒரு நோட்டீசு ஒட்டக் கூடாதா? சாமானையாச்சும் எடுத்திருப்பேன்ல."

நான் எல்லாவற்றையும் விளக்கத்தான் வாயைத் திறந்தேன். கோழி, தீப்பெட்டி, மதினி, குழந்தை, எல்லாம் மனதில் வரிசையாகத் தமிழில்தான் நின்றன. வெளியே வரும்போது மொத்தமும் இந்தியாக வந்தது. மாப் கரோ சாப் என்று மன்னிப்புக் கேட்டேன், தப்பு நடந்ததற்குக் கல்தி ஹோ கயா சாப் என்றேன், முர்கி, முர்கி என்று கோழிக்கு இறக்கை அடித்து வேறு காட்டினேன். பாய் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"ஏன் மாப்ள, நான் பாய்ங்கிறதுக்காக என்கிட்ட இந்தி பேசுறீகளா? எனக்கு உங்களம்புட்டுக்கூட வராதுய்யா. தமிழ்லயே திட்டுங்க, தாங்கிக்கிருவேன்."

தெரு மொத்தமும் சிரித்தது. மதினியின் குழந்தை வருகிற விஷயத்தையும், கோழி செய்த வேலையையும் கடைசியில் சுபேதார்தான், தரையைப் பார்த்துக்கொண்டு, தமிழில் சொல்லி முடித்தார். இதற்குள் பாயின் மனைவி கதவைத் திறந்து உள்ளே போயிருந்தார். அடுப்பங்கரையிலிருந்து சத்தமே இல்லை. பிறகு உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. அடுப்புக்கு நேர் மேலே வானம் தெரிகிறதாம். வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பிள்ளை நாளைக்குக் கைக்குழந்தையோட வருதுல்ல? முதல்ல அங்கிட்டுப் போய் ஷீட்டப் போடுங்க. எங்களுக்கு இன்னைக்குச் சமையல் இல்ல, பிரியாணி இருக்கு. பொழுசாயுறதுக்குள்ள எங்க ஓடுகள எடுத்து மேல வச்சா போதும்." பிறகு கணவரைப் பார்த்து, "அந்த மூலை ரெண்டு வருசமா ஒழுகுதுன்னு சொன்னேன்ல. ஒரு ஆளைக் கூட்டி வந்தாகளா இவுக? அல்லா பட்டாளத்தையே அனுப்பிட்டான்" என்றார்.

பாய் ஜீப் டிரைவரைக் கூப்பிட்டு ஏணி எடுத்துவரச் சொன்னார்.

குமுளிப் பக்கம் மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கூரைகள் திறந்து கிடக்கப் போகின்றன. மழை வந்தால் இரண்டு வீடும் போச்சு. நான் இதைச் சத்தமாகச் சொன்னேன், வேண்டாத பல தடவை. கடைசியில் சுபேதார் என்னை மேகம் தெரியாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு போல்ட் எடுத்துக் கொடுக்கும் வேலையில் நிறுத்தினார். சற்று முன்னால் வாயைப் பொத்திச் சிரித்த பெண்கள் வரிசையாக நின்று ஓடு கைமாற்றினார்கள். ஜீப் டிரைவர் கேரளாக்காரர். அவர் கூரைமேல் ஏறி, மலையாளத்தில் எங்கள் ஆட்களின் பிடிமானத்தைக் குறை சொல்லிக்கொண்டே முறுக்கினார். பாய் வீட்டு ஓடுகளை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து, உடைந்ததை ஒதுக்கி, வைத்தோம். சுண்ணாம்பு மட்டும் ஒரு கைப்பிடி மிஞ்சவில்லை, எல்லாம் பாய் வீட்டுச் சுவரில் இருந்தது. பாய் தன் கிட்டங்கியிலிருந்து அரை டப்பா பச்சை பெயிண்ட் கொண்டுவந்து கொடுத்தார். மதினி வீட்டுக் கதவு பச்சை ஆனது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு இரண்டு கூரையும் மூடியிருந்தன. சாரல் அதற்குப் பிறகுதான் வந்தது. நான் அன்றைக்குச் செய்த ஒரே உருப்படியான வேலை, கீழே ஒரு போல்ட்டையும் தவறவிடாமல் கொடுத்தது. ஸ்டோர்காரன் இல்லையா.

மறுநாள் காலையில் மதினி முதலில் வந்தார். மகளையும் குழந்தையையும் சம்பந்தியம்மாள் காரில் கூட்டி வருவதாக ஏற்பாடு, அதற்குள் வீட்டைத் துடைத்து வைக்கலாம் என்று பஸ்ஸில் வந்திருக்கிறார். நானும் சுபேதாரும் வாசலில் திருடர்கள் மாதிரி நின்றோம். மதினி பச்சைக் கதவைப் பார்த்தார். உள்ளே போய்ப் பின் அறையில் நின்று மேலே பார்த்தார். அந்த அறையில் அண்ணனின் கறுப்புத் தகரப் பெட்டி, செங்கல் மேல் ஏற்றி, பாலித்தீன் போட்டு மூடியிருந்தது. மழை என்றால் மதினி முதலில் மூடுவது அதைத்தான் என்று மகள் சொல்லியிருந்தாள். மதினி அந்த பாலித்தீனை எடுத்தார். உதறினார். நாலாக மடித்து அலமாரிக்கு மேலே வைத்தார். பிறகு வெளியே வந்து என் எதிரே நின்றார்.

"யாரைக் கேட்டுச் செஞ்சீக தம்பி?"

நான் பதில் சொன்னேன். சொன்னது எந்த பாஷை என்று தெரிந்திருக்கும். மதினி முந்தானையை இழுத்துச் செருகினார்.

"உங்க அண்ணனும் இப்படித்தேன். லீவுல வந்தப்ப நான் திட்டுனா இந்தி பேச ஆரம்பிச்சிருவாக" என்றார். அதோடு போய் அடுப்பைப் பற்றவைத்தார். எங்களுக்குக் காப்பி வந்தது.

கார் வந்து நின்றபோது நல்ல சாரல். குடை பிடித்து மகளையும் குழந்தையையும் இறக்கினோம். மதினி ஆலம் சுற்றிக் கொட்டினார். சம்பந்தியம்மாள் இறங்கியதும் எதிர்வீட்டைத்தான் பார்த்தார். பாய் வீட்டு வாசலில் பாயும் அவர் மனைவியும் வெள்ளை, காவிக் கற்களுக்கு நடுவில் சுற்றுலா மாளிகை முதலாளிகள்போல நின்றார்கள். அங்கே பூசிய சுண்ணாம்பில் கொஞ்சம் இங்கேயும் பூசியிருக்கலாமே என்று சம்பந்தியம்மாள் கேட்டார். அது பெரிய கதை என்று பாய் அங்கிருந்தே சொன்னார்.

உள்ளே வந்தோம். முகாமில் தளபதியே நேரில் வந்து பார்வையிட்ட நாட்களில்கூட நான் இப்படி நின்றதில்லை. சம்பந்தியம்மாள் பின் அறைக்குள் மெதுவாக நடந்து, நாலு மூலையையும் அண்ணாந்து பார்த்தார். தகரத்தின்மேல் மழை இரைந்தது. மகள் களைப்பில் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். துணியில் சுற்றிய குழந்தையை, பக்கத்தில் நின்றார் என்பதற்காக, யாரோ சுபேதாரின் கையில் கொடுத்துவிட்டார்கள். அவர் அதைப் பரிசுக் கோப்பை வாங்கியவர்போல இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்து அட்டென்ஷனில் நின்றார். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

டொக்.

மதினியின் முகம் செத்துவிட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தோம். இன்னொரு டொக். நான் அந்தக் கூரையின் ஒவ்வொரு போல்ட்டையும் மனதுக்குள் எண்ணினேன், இந்தியில். மூன்றாவது டொக் விழுந்தபோது சம்பந்தியம்மாள் மட்டும் தலையைக் குனிந்து கீழே பார்த்தார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

கண்ணாடிபோல மின்னிய சுபேதாரின் ஷூவின்மேல், துணியின் நுனியிலிருந்து, சீராகச் சொட்டிக்கொண்டிருந்தது. மனிதர் அசையவில்லை. நேராகப் பார்த்தபடியே நின்றார். தனக்கு வந்தது என்ன என்று முதல் சொட்டிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அட்டென்ஷனில் நிற்பவன் கேட்காமல் வாய் திறப்பதில்லை.

"மதினி, இந்த ஒழுகலுக்கு நீங்க ஷீட்டு போட்டாலும் நிக்காது" என்றார் சம்பந்தியம்மாள். "பிள்ளை இங்கனயே இருக்கட்டும். மூணு மாசம் கழிச்சு நான் வாரேன்."

மதினி குழந்தையைச் சுபேதாரிடமிருந்து வாங்கிக்கொண்டார். தகரப் பெட்டியைத் திறந்து, அண்ணனின் துணிகளுக்கு மேலே மடித்து வைத்திருந்த பழைய பருத்தி வேட்டி ஒன்றை எடுத்தார். பல்லால் கடித்து இரண்டாகக் கிழித்து, குழந்தைக்கு மாற்றினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. தகரம் புதுசு, தூசி இருக்கும்.

பாய் தன் வீட்டுப் பூச்சை இதுவரை மாற்றவில்லை. மாற்றித் தருகிறோம் என்று நாங்கள் போய்ச் சொன்னதற்கு, இருக்கட்டும் மாப்ள, இப்போதெல்லாம் வீட்டைத் தாண்டிப் போகிற பழைய பட்டாளத்தான் எல்லாம் நின்று சல்யூட் வைத்துவிட்டுப் போகிறான், இதை நான் ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். அதோடு ஒரு கோரிக்கையும் வைத்தார். வீட்டுக்குப் பட்டாளத்துப் பெயிண்ட் அடித்துவிட்டு ஆளை மட்டும் ரோல் கால் கணக்கில் சேர்க்காமல் விடுவது என்ன நியாயம் என்று கேட்டார். சுபேதார் சம்மதித்தார்.

அதனால் இப்போது சாயங்காலத்தில் மதினிக்குப் போன் போட்ட கையோடு எதிர்வீட்டுக்கும் போடுகிறேன். மதினி "ஆஜர் தம்பி" என்கிறார். பின்னால் குழந்தை அழுகிறது, எனக்கு வேறெந்தச் சத்தமும் கேட்பதில்லை. பாய் எடுத்ததும், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "தமிழ்லயே கேளுங்க மாப்ள, ஆஜர்தேன்" என்கிறார்.